நீர்மின் யூனிட்டை நிறுத்த ஏற்ற காலம் எது?

நம்பிக்கை: கோடையில் நீர் குறைவு, பராமரிப்பை அப்போதே முடித்துவிடலாம்.

மேட்டூருக்கு இது பெரிதும் பொருந்தும். அங்கே பாசனத்துக்குத் திறக்கும் நீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். வழக்கப்படி ஜனவரி 28-இல் அணை மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுவதால், நான்கு மாதத்துக்கு மேல் இயல்பாகவே அவகாசம் கிடைக்கிறது. நீலகிரியின் குந்தா அணைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மழையில் சேர்ந்த நீர் அங்கே மின்தேவை உச்சத்தைத் தொடும் வேளைகளுக்காகக் காக்கப்படுகிறது. கோடையிலும் அப்படிப்பட்ட வேளைகள் உண்டு. எமரால்டு, அவலாஞ்சி அணைகளின் நீர் முதல் மின்நிலையத்தைக் கடந்து கெத்தை, பரளி எனப் படிப்படியாக இறங்குகிறது. மேலே டர்பைன் நின்றால் கீழே வரத்து குறையும். ஆகவே அடுக்கடுக்கான நிலையங்களுக்குத் தனித்தனி அட்டவணை போடுவது தவறு. ஒரே பென்ஸ்டாக்கில் (டர்பைனுக்கு நீர் கொண்டுவரும் குழாயில்) நீர் பெறும் யூனிட்டுகளுக்கும் இதே விதிதான்: குழாயை வடிக்கும் வேலை இருந்தால் எல்லாம் நிற்கும், அந்த நாள்களிலேயே மற்ற பணிகளையும் முடிப்பதே சிக்கனம்.

நம்பிக்கை: யூனிட் நின்ற ஒவ்வொரு நாளும் நட்டம்.

அணையில் இடமிருக்கும்வரை நீர் எங்கும் போய்விடாது, பிறகு ஓட்டிக்கொள்ளலாம். அணை நிரம்பி மதகு வழியே நீர் வழியும்போது நின்றிருக்கும் யூனிட்டால்தான் மீளாத இழப்பு. எனவே எண்ண வேண்டியது நின்ற நாள்களை அல்ல, வழிந்து போகக்கூடிய நீரை. சராசரி மழையை மட்டும் நம்பிப் போட்ட அட்டவணை, பருவமழை முந்திய ஆண்டில் கவிழ்ந்துவிடும். பல ஆண்டுகளின் நீர்வரத்தை வைத்துச் சோதித்த அட்டவணையே தாங்கும்.

நம்பிக்கை: ஓடிய மணிநேரமே தேய்மானத்தின் அளவு.

காடம்பாறை நீர்மின் நிலையத்தில் 100 மெகாவாட் யூனிட்டுகள் நான்கும் மின்சாரம் தருவதோடு நீரை மேலேற்றவும் செய்கின்றன. இத்தகைய எந்திரங்களில் ஒவ்வொரு தொடக்கமும் நிறுத்தமும் சுருள்களின் காப்பை வெப்பத்தால் விரித்துச் சுருக்குகிறது. ஓடிய மணி அதைக் காட்டாது. இமாசலத்தின் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில் சட்லஜ் ஆற்றின் மணல்தான் டர்பைனை அரிக்கிறது; அதையும் ஓடிய மணி மட்டும் காட்டாது.

நம்பிக்கை: அண்மையில் பழுதுபார்த்த எந்திரத்தைப் பற்றிக் கவலையில்லை.

ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் இரண்டாம் யூனிட் பழுதுபார்க்கப்பட்டு 2009 மார்ச்சில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகஸ்ட் 17-இல் அதன் டர்பைன் மூடி பிய்ந்து எழ, 75 பேர் உயிரிழந்தனர். மூடியைப் பிடித்திருந்தவற்றில் ஆராயப்பட்ட 49 போல்ட்டுகளில் 41-இல், அதிர்வால் உண்டாகும் சோர்வு விரிசல் இருந்தது. நாள்காட்டி எந்தத் தேதியைச் சொன்னாலும், அதிர்வு வரம்பை மீறிய யூனிட்டை உடனே நிறுத்தும் அதிகாரம் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.