வெந்நீர்க்காரத் தம்பிக்கு



போன வாரம் நம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். எதிர் வீட்டு மொட்டை மாடிக்கு நீயும் மூன்று பேரும் ஹீட் பம்ப் தொட்டியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். மேலே போனதும் மற்றவர்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். நீ மட்டும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தாய். அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. உன்னைப் போல ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகை வழியாகவே அனுப்புகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜில் ஆர்-12 கேஸ் ஓடியது. அது போய் ஆர்-134ஏ வந்தது. ஏசியில் ஆர்-22 போய் ஆர்-410ஏ, பிறகு ஆர்-32. இப்போது வெந்நீருக்கே கம்ப்ரஸர் வைக்கிறோம். கேஸ் மாறினாலும் வேலை ஒன்றுதான்: ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவது. வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை வைக்கச் சொல். உள்ளே இருந்த சூடுதான் அங்கே கையில் படுகிறது. நம் மெஷின் அதே காரியத்தை மொட்டை மாடிக் காற்றில் செய்து தொட்டியில் கொட்டுகிறது. இது புதுச் சரக்கும் இல்லை. 1852ல் கெல்வின் பிரபு இந்த யோசனையை எழுதினார். 1856ல் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் உப்பு ஆலையில் செய்து காட்டினார். 1938ல் சூரிச் நகர மன்றக் கட்டிடம், பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றின் சூட்டை எடுத்துக் குளிர் காய்ந்தது. ரமண நகரில் பனிக்காலத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் உன்னிடம் ஹீட் பம்ப் என்றால் வீட்டைச் சூடாக்குவது என்று பேசுவார்கள். குழம்பாதே. அவர்கள் ஊரில் அப்படித்தான். நமக்கு வீடு ஏற்கெனவே சூடு, வெந்நீர் போதும்.

சூட்டை இடம் மாற்றுவதுதான் நம் வேலை என்றேன் அல்லவா? அதுவும் சுமை தூக்குவதுதான். சுமை தூக்குகிறவர் மூட்டையில் கை வைக்கும் முன் எவ்வளவு கனம், எங்கிருந்து, எந்த நேரத்தில் என்று கேட்பார். நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பதில்லை. "எத்தனை லிட்டர் சார் வேணும்?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

லிட்டர் கேட்காதே. குளியலறைக்குள் போய் வாளியைப் பார். சாதாரண வாளி இருபது லிட்டர் பிடிக்கும். நம் ஊர்த் தண்ணீர் 26 டிகிரி, தொட்டியில் 55 டிகிரி, குளிக்க இதமானது 40 டிகிரி என்றால் ஒரு வாளிக்குப் பத்து லிட்டர் வெந்நீர் போதும், மீதி பச்சைத் தண்ணீர். நாலு பேர் உள்ள வீடு, ஆளுக்கு ஒன்றரை வாளி என்று வை. அறுபது லிட்டர். நூறு லிட்டர் தொட்டி தாராளம். அந்த வீட்டில் போய் முந்நூறு லிட்டரை விற்றுவிட்டு வந்தால் அன்றைக்கு உனக்குக் கமிஷன் கிடைக்கும். ஆனால் தினமும் யாரும் குளிக்காத தண்ணீரைச் சூடாக்கி ஆறவிடும் பாவமும் உன் கணக்கில்தான் ஏறும். ஷவர் வைத்த வீடு வேறு கணக்கு. அங்கே ஒரு தடவை ஷவரின் கீழ் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்.

கரண்டுக் கணக்கையும் மனப்பாடமாக வைத்துக்கொள். இருநூறு லிட்டரை 27லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற கீசருக்கு ஆறரை யூனிட் ஆகும். நம் மெஷின் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை யூனிட் சூடு கொண்டுவந்தால் இரண்டு யூனிட்டுக்குள் முடியும். நாளுக்கு நாலரை யூனிட் மிச்சம் என்றால் இரண்டு மாத ஈ.பி. பில்லில் இருநூற்று எழுபது யூனிட். ஆனால் இது அத்தனை வெந்நீரும் தினமும் செலவாகும் வீட்டுக்குத்தான். கணவன், மனைவி இருவர் மட்டும், வருஷத்தில் எட்டு மாதம் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்கள் என்றால், பதினைந்து லிட்டர் கீசர் வாங்குங்கள் என்று வாய்விட்டுச் சொல். இரண்டு கிலோவாட் கீசர் கால் மணி நேரத்தில் அவர்கள் வேலையை முடித்துவிடும். நான் அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு பெரியவர் பின்னால் மூன்று லாட்ஜ்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

லாட்ஜ் என்றதும் பௌர்ணமி ஞாபகம் வருகிறது. இருபது அறை லாட்ஜில் சாதாரண நாளில் எட்டு அறை ஓடும், அறைக்கு இருவர், 240 லிட்டர் போதும். பௌர்ணமிக்கு இருபதும் நிரம்பி அறைக்கு நாலு பேர் என்றால் 1,200 லிட்டர். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடந்துவிட்டு வந்த கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்நீர் கேட்கும். முதலாளி பௌர்ணமிக் கணக்கைத்தான் சொல்வார், அன்றுதான் அவரைத் திட்டுகிறார்கள். நீ அதற்கேற்ற பெரிய மெஷினை வைத்தால் மாதத்தில் மற்ற நாளெல்லாம் பத்து நிமிஷம் ஓடி நின்று, பத்து நிமிஷம் ஓடி நின்று கம்ப்ரஸர் சீக்கிரம் போய்விடும். மெஷினைச் சிறிதாக வை, தொட்டியைப் பெரிதாக வை, பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானமே மொத்தத் தொட்டியையும் சூடேற்றத் தொடங்கச் சொல். கீசர் மாதிரி சுவிட்சைப் போட்டதும் கொதிக்கும் சாமான் இல்லை இது. இருநூறு லிட்டருக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். இதை விற்கிற அன்றே சொல்லிவிடு.

எந்த நேரம் என்பதிலும் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இந்த ஊரில்தான் பாடினார் என்பது மரபு. அந்தப் பெண்கள் மார்கழி விடியலில் குளத்துக்கே போய்க் குளித்தார்கள். நம் வாடிக்கையாளருக்கு அதே விடியலில் வெந்நீர் வேண்டும். அதனால் டைமரை மூன்று மணிக்கு வைத்துவிட்டு வருகிறாய். இருப்பதிலேயே குளிர்ந்த காற்றிலிருந்து சூட்டைப் பிழியச் சொல்கிறாய், மெஷின் திணறாதா? மத்தியானம் ஒரு மணிக்குக் காற்றே சூட்டைக் கையில் கொடுக்கிறது. அப்போது ஓட்டி நாலு மணிக்குள் முடித்துவிட்டால் நல்ல தொட்டி மறுநாள் விடியும்வரை தாங்கும். அக்கம்பக்கத்துக்கும் நல்லது. ரமண நகரில் அமைதி தேடி வந்தவர் ஜன்னலுக்கு நேராக விடியற்காலை மூன்று மணிக்கு ஃபேன் உறுமினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

எங்கிருந்து என்பதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். என் முதல் ஹீட் பம்பை ஒரு வீட்டின் பின்பக்கம், சர்வீஸ் பால்கனியில் வைத்தேன். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் துணி காயும் கொடி. வெயில் படாது, மழை படாது என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் நாளே போன்: ஆறு மணி நேரம் ஓடியும் தண்ணீர் வெதுவெதுப்புத்தான். போய் பால்கனிக் கதவைத் திறந்தேன், ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. மெஷின் வெளியே தள்ளிய குளிர்காற்றுக்குப் போக வழியில்லை. அதையே திரும்ப இழுத்து, இன்னும் குளிரவைத்து, அதையே இழுத்து... காயிலில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கேஸ் குறைவோ என்று கேஜை மாட்டப் போன என் கையைத் தட்டிவிட்டு என் உதவியாள் பையன் சொன்னான்: "அண்ணே, கொடியில துணி காயவே இல்ல பாருங்க." அவன் பார்த்ததுதான் சரி. காற்று நகராத இடம் அது. அன்றிலிருந்து மெஷின் வைக்கும் இடத்தில் முதலில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை என்றால் அதுதான் சாட்சி. டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதே. அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுமே தவிர, கடினம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். அதனால் தெர்மோஸ்டாட்டை எழுபதுக்குத் திருகிவிட்டு வராதே. ஐம்பத்தைந்து போதும், கிருமிக்காக வாரம் ஒரு தடவை அறுபதைத் தாண்டவிட்டால் சரி. ஒரு வீட்டில் வருஷம் முடியுமுன் பிரஷர் ரிலீஃப் வால்வைக் கழற்றினேன். உள்ளே வாய் முழுக்க வெள்ளை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் சங்கு மாதிரி கரகரவென்று உதிர்ந்தது. அழுத்தம் ஏறினால் திறந்து தொட்டியைக் காப்பாற்ற வேண்டிய வால்வு அது, கல்லாகிக் கிடந்தது. அதன் நெம்புகோலை மாதம் ஒரு தடவை தூக்கி விட வீட்டுக்காரம்மாவுக்குக் கற்றுக்கொடு. தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் ராட் தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் காக்கிறது. வருஷம் ஒருமுறை கழற்றிப் பார், பென்சில் அளவுக்கு இளைத்திருந்தால் மாற்று.

எர்த் விஷயத்தில் யார் சொல்லையும் நம்பாதே, மீட்டரைத்தான் நம்பு. ஈரக் கையோடு மனிதர் தொடும் பொருள் இது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் சுவிட்சைப் போட்டுக் காட்டாமல் திரும்பி வா. மலையடிவாரத்து வீடுகளில் குரங்கையும் கணக்கில் சேர். வெந்நீர்க் குழாய்மேல் போர்த்தும் கறுப்பு நுரை என்றால் அதற்குக் கொண்டாட்டம், உரித்துப் போட்டுவிடும். அதன் மேல் பி.வி.சி. பைப்பைச் சொருகிவிட்டால் நகம் ஏறாது.

கடைசியாக, கேஸ். யூனிட்டும் தொட்டியும் ஒரே உடம்பாக வந்தால் கேஸ் பக்கம் போகாதே, கம்பெனியில் அடைத்து வந்தது. இரண்டும் தனித்தனியாக வந்து நடுவில் நீ காப்பர் பைப் இழுத்தால், உன் நாணயம் வேக்குவம் போடுவதில் இருக்கிறது. வால்வைக் கொஞ்சம் திறந்து 'சுஸ்' என்று கேஸை விட்டுக் காற்றைத் துரத்தி, ஃப்ளேர் நட்டை இறுக்கிவிட்டு இறங்கி வருகிறவர்களை நீ பார்த்திருப்பாய். காற்று கொஞ்சம் போகும், ஈரம் போகாது. அந்த ஈரம் ஆயிலோடு சேர்ந்து ஆசிட் ஆகி, இரண்டு மூன்று வருஷத்தில் கம்ப்ரஸரைத் தின்னும். அப்போது வீட்டுக்காரர் மெஷினைத் திட்டுவார், உன்னை இல்லை. அதனால்தான் இந்தத் தவறு செத்துப்போகாமல் இருக்கிறது. பம்பை மாட்டு, மைக்ரான் கேஜ் ஐந்நூறுக்குக் கீழே வரட்டும், வால்வை மூடிவிட்டு முள் ஏறுகிறதா என்று காத்திரு. அரை மணி நேரம் போகும். "என்னப்பா சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். லீக் பார்க்க நைட்ரஜன்தான், வெல்டிங் கடையில் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனை மட்டும் ஏற்றிவிடாதே. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

உன் காலத்தில் கேஸ் இன்னும் மாறும். கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா 2032ல் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற எச்.எஃப்.சி. கேஸ்களைக் குறைக்கத் தொடங்கி, 2047ல் 85 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். ஆர்-410ஏ கரியமில வாயுவைப்போல இரண்டாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. அதற்குப் பதில் வரும் ஆர்-290 அந்த வகையில் சாது, ஆனால் புரொப்பேன், சமையல் கேஸுக்குப் பங்காளி. பீடி குடிக்கும் உதவியாளைத் தள்ளி நிற்கச் சொல்லவேண்டிய காலம் வருகிறது. ஆர்-22 மெஷினில் ஆர்-32ஐ ஏற்றிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், அவரோடு வேலைக்குப் போகாதே.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். வைத்த தேதி, வோல்டேஜ், ஆம்ப்ஸ், வந்த தண்ணீரின் சூடு, போன தண்ணீரின் சூடு, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் எழுது. ஒரு வருஷம் கழித்துப் போகும்போது அதே அளவுகளை எடுத்தால், மெஷின் எங்கே இளைக்கிறது என்று நோட்டே வாயைத் திறக்காமல் சொல்லிவிடும்.

என்னால் இனி மாடி ஏற முடியவில்லை, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. என் வேக்குவம் பம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது. நேற்று ஆயில் மாற்றி ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் கலைந்ததும் ஒருநாள் வந்து எடுத்துக்கொண்டு போ. விலை எதுவும் வேண்டாம். மாட்டிவிட்டு அந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு, அது போதும்.

உன் அண்ணன்,
ஒரு பழைய ஃப்ரிட்ஜ் மெக்கானிக்,
திருவண்ணாமலை