எண்ணும் பொருளும்

நுழையும்முன்

கண்ணால் கண்டு நோயறிந்த மருத்துவத்தில் இன்று கணினி தரும் எண்களும் இடம்பெறுகின்றன. ஓர் எண் எதனை அளக்கிறது என்று மருத்துவருக்கு விளக்கப்படும்போதே அது நோயாளிக்குப் பயன்படும். அவ்விளக்கத்தின் தேவையை இப்பாடம் உணர்த்துகிறது.

படத்தினுள் எண்கள்

1971ஆம் ஆண்டு லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் கருவியால் படமெடுக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணே. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் நீரின் மதிப்பு 0. காற்றின் மதிப்பு -1000. கொழுப்பு சுழியத்திற்குச் சற்றுக் கீழும், எலும்பு மிக மேலும் அமையும். இவ்வெண்ணின் பொருள் தெளிவானது; திசு அடர்ந்திருந்தால் எண்ணும் உயரும்.

சதுரங்கப் பலகை

இத்தகைய படங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கூறுகளைக் கணக்கிடும் துறை ரேடியோமிக்ஸ் எனப்படுகிறது. கட்டியின் வடிவம், பருமன் ஆகியவற்றை விளக்குதல் எளிது. இழையமைப்பை விளக்குதல் அரிது. 1973ஆம் ஆண்டில் ராபர்ட் ஹராலிக்கும் அவருடைய குழுவினரும் இழையமைப்பை அளக்க 14 கூறுகளை வகுத்தனர். வான்வழிப் படங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் சோதிக்கப்பட்ட அம்முறை, பின்னர் மருத்துவத்திற்கும் வந்தது.

அவற்றுள் ஒன்றான 'மாறுபாடு' என்பதைச் சதுரங்கப் பலகையால் விளக்கலாம். பலகையில் 32 கறுப்புக் கட்டங்களும் 32 வெள்ளைக் கட்டங்களும் உள்ளன. மற்றொரு பலகையின் இடப்பாதி முழுதும் கறுப்பு, வலப்பாதி முழுதும் வெள்ளை எனக் கொள்வோம். இரண்டின் சராசரி நிறமும் ஒன்றே. ஆனால், பக்கவாட்டில் அடுத்தடுத்துள்ள 56 இணைகளுள், முதற்பலகையில் 56 இணைகளும் நிறம் மாறுகின்றன. இரண்டாவதில் 8 மட்டுமே மாறுகின்றன. சராசரி மறைத்த வேறுபாட்டை மாறுபாடு வெளிப்படுத்துகிறது. சராசரி ஒன்றேயான இரு கட்டிகளும் இவ்வாறே உள்ளமைப்பில் வேறுபடலாம்.

வினாவின் வலிமை

2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 1019 புற்றுநோயாளிகளின் படங்களில் 440 கூறுகளை ஆராய்ந்தது. அவற்றுள் நான்கைக் கொண்டு நோயாளிகளின் வாழ்நாளைக் கணிக்கலாம் என்று அது காட்டியது. 2019ஆம் ஆண்டில் மற்றொரு குழுவினர் கட்டிக்குள் இருந்த புள்ளிகளின் மதிப்புகளை ஒழுங்கின்றிக் கலைத்துப் பார்த்தனர். இழையமைப்பு சிதைந்த பின்னும் கணிப்பின் திறன் குறையவில்லை! அவ்வெண்கள் பெரிதும் கட்டியின் பருமனையே வேறு பெயரால் அளந்திருந்தன.

எண்ணை மட்டும் பெறும் மருத்துவர் அதனை நம்பலாம், அல்லது தள்ளலாம். அதன் பொருளையும் அறிந்தவரோ, "இது பருமனைத்தானே கூறுகிறது?" என்று வினவுவார். அவ்வினாவே நோயாளிக்குக் காப்பாகிறது. ஆதலின், கணக்கிடுவோர்க்கு விளக்குவதும் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

சி.டி. ஸ்கேன் உருவாக்கத்திற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கற்பவை கற்றபின்

சராசரி ஒன்றாகவும் அமைப்பு வேறாகவும் உள்ள இரு கட்டப்படங்களை வரைந்து, அவற்றின் வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.