முட்டையிலும் ஈரலிலும் கொழுப்பை அளத்தல்

அவித்த முட்டையை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் வைத்தால், வெட்டாமலே அதிலுள்ள நீரையும் கொழுப்பையும் தனித்தனியே அளக்கலாம். வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90% நீர். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். மஞ்சட்கருவில் கால்பங்குக்கு மேல் கொழுப்பு.

இவ்வியந்திரம் ஐதரசன் அணுக்கருக்களின் சமிக்ஞையைப் பதிகிறது. நீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் உண்டு. ஆனால் கொழுப்பிலுள்ளது சற்று மெதுவாகச் சுழலும், 1.5 டெஸ்லா இயந்திரத்தில் செக்கனுக்குச் சுமார் 220 சுற்றுகள் குறைவு. எனவே இரு சமிக்ஞைகளும் ஒரு கணம் ஒன்றுசேரும், மறுகணம் எதிரெதிராகும். இரு கணங்களிலும் படமெடுத்து, அவற்றைக் கூட்டினால் நீர், கழித்தால் கொழுப்பு. 1984இல் டிக்சன் என்பவர் வெளியிட்ட வழி இது. (இதற்காக வடையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம். கடைப் பொருளுக்கு லேபிளே போதும்!)

நமக்கு முக்கியம், இதே கணக்கு ஈரலையும் அளக்கிறது என்பதுதான். ஈரலில் கொழுப்பு 5%க்கு மேற்பட்டால் அது கொழுப்பு ஈரல். இலேசான படிவை அல்ட்ராசவுண்ட் தவறவிடலாம். இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கலாம். நம்மவரில் மெலிந்தவர்களுக்கும் இது வருகிறது. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் "ஸ்கான் நோர்மல்" என்பதோடு நின்றுவிடாமல், ஈரலில் தழும்பு உண்டா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வயதையும் சில இரத்த அளவுகளையும் கொண்டே அவர் முதலில் கணிப்பார். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது.

அனுப்பப்பட்டால் ஒன்று. நம்மவர் சிலரின் உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. காந்தம் அவற்றை அசைக்கலாம். பழைய காயம்தானே என்று விடாமல், அறைக்குள் போகுமுன்பே சொல்லிவிடுங்கள்.