எது சேவை, எது வியாபாரம்?

தொழில்முனைவோர் பாடத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்தார். "உங்க ஊர்ல எத்தனை சமூகத் தொழில் நிறுவனம் இருக்குன்னு எண்ணிக்கிட்டு வாங்க." நோட்டோடு கிளம்பினேன். முதல் நாளே ஒன்பது எழுதிவிட்டேன். பிறகுதான் சிக்கல்.

நண்பர்களே, எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று தெரிய வேண்டுமல்லவா? இத்தாலியில் சமூகக் கூட்டுறவுகளுக்கென்றே 1991-இல் சட்டம் வந்தது. பிரிட்டனில் 2005 முதல் சமூக நலக் கம்பெனி என்று தனி வகை. பதிவேட்டைப் புரட்டினால் ஓரளவு கணக்குக் கிடைத்துவிடும். நம் நாட்டில் அப்படித் தனிப் பதிவு கிடையாது. ஒருவர் அறக்கட்டளை, ஒருவர் சங்கம், ஒருவர் கூட்டுறவு, இன்னொருவர் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. பெயர்ப் பலகையை நம்பி எண்ண முடியாது.

ஆகவே மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். யாருடைய கஷ்டத்தைத் தீர்க்க ஆரம்பித்தது? நன்கொடையில் ஓடுகிறதா, விற்ற காசில் ஓடுகிறதா? மிச்சம் எங்கே போகிறது?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விலை கட்டுப்படியாகவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் வைத்துத் தாங்களே செய்தார்கள். விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காயிற்று. டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. சேவை என்றால் உண்டியல் குலுக்குவது மட்டுமல்ல, உற்பத்திச் செலவைக் குறைப்பதும்தான்.

மும்பையில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் வேறு மாதிரி. அங்கே மிச்சம் உறுப்பினர்களுக்கே பங்காகப் போகிறது. லாபம் எடுக்கிறார்களே என்று முதலில் அடித்துவிட்டேன். அப்பளம் இடுகிறவர்களே உடைமையாளர்கள் என்று தெரிந்ததும் திரும்பச் சேர்த்தேன். வங்கதேசத்தின் முகம்மது யூனுஸும் ஏழைகளே உடைமையாளராக இருந்தால் லாபப் பங்கு சரிதான் என்கிறார்.

இனி என் ஒன்பதுக்கு வருகிறேன். முதல் பெயர், எங்கம்மா வேலை பார்க்கும் தையல் கூடம். 'நாற்பது பெண்களுக்கு வாழ்வு' என்பார் முதலாளி. நானும் அப்படியே எழுதியிருந்தேன். மூன்றாவது கேள்வியை அம்மாவிடம் கேட்டேன்.

"மிச்சம் எங்க போகுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? அவரு ரெண்டாவது மாடி கட்டுறாரு, அது தெரியும்."

அடித்தேன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அப்ப நாங்க கணக்குல இல்லியா?" என்றார். கூலி கொடுப்பது எல்லா மில்லும் செய்வதுதானே என்று விளக்கினேன். பேசாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

கடைசியில் நின்றது இரண்டு: பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு நடத்தும் இட்லிக் கடை. அறக்கட்டளை என்று பலகை போட்ட பள்ளி ஒன்று கணக்கைக் காட்ட மறுத்தது. அதற்கு நேரே கேள்விக்குறி போட்டேன். அழகாகப் படியெடுத்துக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சு அடிச்சு எழுதினியே, அந்தத் தாளைக் கொடுப்பா" என்றார்.