இந்த மாதப் பாடம்: கையெழுத்துப் போடும் முன்



விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் அகல் விளக்கு செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், போன மாதக் கூட்டத்தில் ஒரு சங்கதி சொன்னார். "அண்ணன் போன் பண்ணுச்சு. திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு. சும்மா கையெழுத்துதானாம்."

என்ன பத்திரம் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்தால், அது விடுதலைப் பத்திரம். பூர்வீக நிலம் 6 ஏக்கரில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. "எனக்கு ஏது பங்கு? நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்றார் அவர். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். சீர் செய்ததால் சட்டப்படி பங்கு போய்விடாது.

இந்தப் பங்கு சும்மா கிடைத்ததல்ல. பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் முன்னின்று தீர்மானம் போட்டார்கள். 1937-ல் வந்த சட்டம் விதவைக்குக் கணவன் பங்கைக் கொடுத்தது, ஆனால் அனுபவிக்க மட்டும்தான். விற்க முடியாது. 1956 சட்டம்தான் அதை முழு உரிமையாக்கியது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றும் சொன்னது.

பூர்வீகச் சொத்தில் மட்டும் ஓரவஞ்சனை நீடித்தது. மகனுக்குப் பிறந்தவுடனே பங்கு, மகளுக்கு இல்லை. நம் உறுப்பினருக்கு அம்மாவும் இல்லை, அண்ணன் ஒருவர்தான். பழைய கணக்குப்படி அப்பாவுக்கு 3, அண்ணனுக்கு 3 ஏக்கர். அப்பாவின் 3 ஏக்கரில் பாதி மட்டும் மகளுக்கு. ஆக அண்ணனுக்கு நாலரை, இவருக்கு ஒன்றரை!

ஆந்திரம் 1986-ல் இதை மாற்றியது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானம் போட்டு 60 வருடம் ஆகிவிட்டது பாருங்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றார்கள். நம் உறுப்பினருக்குக் கல்யாணம் 1986-ல். கதவு மூடியது.

2005 செப்டம்பர் 9-ல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தது. கல்யாணம் ஒரு தடையில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் ஒரு தீர்ப்பு. இவருடைய அப்பா இறந்தது 2001-ல். மறுபடியும் மூடியது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 11-ல், வினீதா சர்மா வழக்கில், அப்பா இருந்தாலும் இறந்தாலும் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது இவருக்கும் 3 ஏக்கர்.

ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ நீதிமன்றம் மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைத் திறக்க முடியாது. இது இந்துக்களுக்கான சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு வேறு சட்டம் உண்டு.

அண்ணனுக்குக் கொடுக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. தாய்வீட்டு வாசல் நமக்கு வேண்டும், அவர்கள் கஷ்டமும் நமக்குத் தெரியும். கொடுப்பதானால் எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கலாமே. விடுதலைப் பத்திரம் பதிந்துவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் முதலில் நகல் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உதவி உண்டு.

நம் உறுப்பினர் அந்தத் திங்கள் போகவில்லை. "நகல் குடுண்ணே, படிச்சுட்டு வரேன்" என்றாராம். அண்ணன் இரண்டு வாரமாகப் போன் பண்ணவில்லை. பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் முகம் வாடிக் கிடக்கிறது. அவரோடு சட்டப் பணிகள் குழுவுக்குப் போக ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அப்பா பெயரில் பட்டா இருந்தால் ஒரு நகல் எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.