ஞானஸ்நானம் இன்றி இரட்சிப்பு உண்டா?

பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோன குழந்தையைச் சேமக்காலையில் எங்கே அடக்குவது என்ற கேள்வி எழும்போதுதான், ஞானஸ்நானம் பற்றிய நமது போதனை உண்மையாகச் சோதிக்கப்படுகின்றது. வகுப்பிலே அது ஒரு பாடம். சாவு வீட்டிலோ அது ஒரு தாய்க்குச் சொல்லவேண்டிய பதில். தலையில் தண்ணீர் வார்க்கப்படாத பிள்ளை ஆண்டவரிடம் போகாதா? விசுவாசித்திருந்தும், வீட்டாருக்கு அஞ்சியோ ஆயத்த வகுப்பு முடியாமலோ ஞானஸ்நானம் பெறாது கண்ணை மூடியவரின் கதி என்ன? உபதேசியாரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியரும் இதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. ஆகவே வேதாகமமும் திருச்சபையின் வரலாறும் இதுபற்றி என்ன சொல்கின்றன என்பதை ஆராய்வோம். வேதாகமத்தைப் பக்கத்திலே திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பது நன்று.

வேதாகமம் காட்டுவது

ஞானஸ்நானம் கட்டாயம் வேண்டும் என்போர் முதலிற் காட்டுவது யோவான் 3:5. தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவன் தேவனுடைய இராச்சியத்துக்குள் நுழைய முடியாதென நிக்கொதேமுவுக்குச் சொல்லப்பட்ட இடம் அது. பெந்தெகொஸ்தே நாளிலே பேதுரு மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே கேட்கிறார் (அப்போஸ்தலர் 2:38). பிலிப்பி நகர்ச் சிறைக்காவலன் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அன்றிரவே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான் (16:33). ஆகவே ஆதித் திருச்சபை இதனை விரும்பினால் செய்யலாம், விட்டாலும் விடலாம் என்று ஒருபோதும் கருதவில்லை. இதனை நாம் மறக்கலாகாது.

மாற்கு 16:16ஐச் சற்று நிதானித்து வாசிக்க வேண்டும். விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுபவன் இரட்சிக்கப்படுவான் என்பது அதன் முற்பகுதி. தண்டனையைப் பற்றிய பிற்பகுதியிலே விசுவாசியாதவனைப் பற்றி மட்டுமே பேச்சு வருகிறது. ஞானஸ்நானம் பெறாதவன் என்ற சொல் அங்கே இல்லை. (மாற்குவின் இந்தக் கடைசி வசனங்கள், மிகப் பழைய இரு கையெழுத்துப் பிரதிகளான சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் காணப்படாதவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது.)

சிலுவையிலே மனந்திரும்பிய கள்வனைப் பலர் உதாரணமாகச் சொல்வர். அது நல்ல உதாரணந்தான். ஆயினும் உயிர்த்த ஆண்டவர் ஞானஸ்நானக் கட்டளையைக் கொடுத்தது அதற்குப் பிறகு (மத்தேயு 28:19) என்று எதிர்த்தரப்பார் சொல்லும்போது நம்மிடம் மறுமொழி இருக்காது. அதைவிட உறுதியான சான்று கொர்நேலியுவின் வீட்டிலே உண்டு. அப்போஸ்தலர் 10:44 முதல் 48 வரை வாசியுங்கள். பேதுரு பேசிக்கொண்டிருக்கையிலேயே பரிசுத்த ஆவியானவர் அங்கிருந்தோர்மேல் இறங்குகிறார். தண்ணீர் இன்னும் வரவில்லை. கடவுள் முந்திக்கொண்டார், திருச்சபை பின்னாலே தண்ணீரோடு போயிற்று. ஆனாலும் பேதுரு, ஆவி கிடைத்துவிட்டதே, இனித் தண்ணீர் எதற்கு என்று சொல்லாமல் உடனே ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார். இந்தச் சம்பவத்தின் ஒரு பாதியை மட்டும் பிரசங்கிப்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது மந்திரக்காரன் சீமோனின் கதை. அவன் முறையாக ஞானஸ்நானம் பெற்றவன் (8:13). சில வசனங்கள் தள்ளி, அவனுடைய இருதயம் நேராக இல்லை என்று பேதுருவே கடிந்துகொள்கிறார். பேதுருவின் முதலாம் நிருபமும் (3:21) ஞானஸ்நானம் இரட்சிக்கிறது என்று சொன்ன கையோடு, அது உடலின் அழுக்கைக் கழுவுவது பற்றிய பேச்சல்ல என்று விளக்கிவிடுகிறது.

சக்கரவர்த்தியின் சாவு

கி.பி. 392இல் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். உரோம சக்கரவர்த்தி இரண்டாம் வலன்ரீனியனுக்கு அப்போது வயது சுமார் இருபது. விசுவாசத்தில் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தவன். தனக்கு ஞானஸ்நானம் தரும்படி மிலான் ஆயர் அம்புரோசை அழைத்திருந்தான். ஆயர் வந்து சேருமுன், இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரிலே அவன் இறந்துகிடக்கக் காணப்பட்டான். ஞானஸ்நானம் பெறாமற் போய்விட்டானே என்று சகோதரிகள் அழுதனர். அடக்க ஆராதனையிலே அம்புரோஸ் அவர்களுக்குச் சொன்ன ஆறுதல் இன்றும் ஏட்டில் உள்ளது. அவன் விரும்பினான், கேட்டான். கேட்டதைப் பெற்றான் என்பதே அதன் சாரம். இரத்தசாட்சிகள் தம் இரத்தத்தினாலே கழுவப்படுவரெனில், இவனை இவனுடைய பக்தியும் விருப்பமும் கழுவின என்றார்.

இப்படிச் சொன்னவர் ஞானஸ்நானத்தை இலேசாக மதித்தவரல்லர். அகஸ்தீனுக்குத் தம் கையாலேயே அதைக் கொடுத்தவர். வாஞ்சையினாலான ஞானஸ்நானம் என்று பிற்காலத்தார் பெயரிட்ட போதனை இவ்வாறு சாவு வீட்டிலே தெளிவான வடிவம் பெற்றது. 1547இல் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியமென வற்புறுத்தியபோதுகூட, ஞானஸ்நானம் அல்லது அதன்மேலான வாஞ்சை என்று இரண்டையும் சேர்த்தே எழுதியது.

விரும்புமளவுக்கு வயது வராத குழந்தையின் காரியமே மேலைத் திருச்சபையை நீண்ட காலம் வருத்தியது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என அகஸ்தீன் எழுதினார். அந்தக் கடுமையைத் தாங்காத மத்தியகால அறிஞர்கள், துன்பமுமில்லாத தரிசனமுமில்லாத 'லிம்போ' என்ற ஓரிடத்தை எண்ணிப் பார்த்தனர். எத்தனை தாய்மார் இந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு வெடித்திருப்பார்கள்! கத்தோலிக்கரின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட ஆவணம், இக்குழந்தைகள் இரட்சிக்கப்படுவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று கூறிற்று.

சீர்திருத்தத் திருச்சபைகளிலே லூதர் 1542இல், பிள்ளைப்பேறு தவறிய பெண்களுக்கென ஒரு சிறு ஆறுதல் நூலே எழுதினார். அந்தத் தாயின் பெருமூச்சையும் உள்ளத்து ஏக்கத்தையும் கடவுள் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அவருடைய வாதம். கல்வின், விசுவாசிகளின் பிள்ளைகள் பிறக்குமுன்னரே உடன்படிக்கைக்கு உரியவர்கள் என்றார். இரட்சணிய சேனையாரும் குவேக்கர்களும் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. அவர்களுடைய சேவையைக் கண்ட எவரும் அவர்களைக் கிறிஸ்துவுக்குப் புறம்பானவர்கள் என்று சொல்லத் துணியார்.

கட்டளை யாருக்கு?

இவற்றிலிருந்து நாம் கருதுவது இதுதான். ஞானஸ்நானம் நமக்கு இடப்பட்ட கட்டளை. கேட்டறிந்தவன் அதைத் தேடவேண்டும். திருச்சபை அதை மறுக்காமற் கொடுக்கவேண்டும். கடவுளின் கையைக் கட்டும் கயிறாக அது கொடுக்கப்படவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு இணைத்த கடவுள் தாம் அந்த அருட்சாதனத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்றே போதிக்கிறது. அறிந்தும் அலட்சியம் செய்து தள்ளுபவனின் நிலை வேறு; வாய்ப்புக் கிட்டாதவனின் நிலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம்.

தண்ணீரின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'திதாக்கே' என்னும் மிகப் பழைய திருச்சபை ஒழுங்கு நூல், ஓடும் நீரிலே ஞானஸ்நானம் கொடு, அது இல்லாவிடில் வேறு நீரிலே கொடு, அதுவும் போதாவிடில் தலையிலே மூன்றுமுறை ஊற்று என்கிறது. மாரி பொய்த்துக் குளமும் கிணறும் வற்றக் கண்ட வன்னி மக்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை நன்கு விளங்கும்.

ஞானஸ்நானத்தை வேறொரு வகையிலே 'அவசியம்' ஆக்கியவர்களையும் நமது நாடு கண்டதுண்டு. யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1795 வரை நடந்த ஒல்லாந்தர் ஆட்சியிலே அரச உத்தியோகம் பெறவும் திருமணத்தைப் பதியவும் ஞானஸ்நானம் கேட்கப்பட்டது. பெயர்கள் தோம்பிலே குவிந்தன. ஆங்கிலேயர் காலத்தில் கட்டாயம் நீங்கியதும் அப்பெயர்களிற் பெரும்பாலானவை ஆலயங்களில் இல்லாமற் போயின. உதவிப் பொருளோ வீட்டுத் திட்டமோ ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடப்படும் இடத்திலெல்லாம் அந்தத் தோம்பு திரும்ப எழுதப்படுகிறது என்பதை அபிவிருத்தி ஊழியம் செய்யும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை. பிள்ளை பிழைப்பது ஐயமெனில், குருவானவருக்கு ஆளனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. கத்தோலிக்க ஒழுங்கின்படி அவசர வேளையிலே தாதியோ மருத்துவிச்சியோ அயலவரோ, தாம் ஞானஸ்நானம் பெறாதவராயினும், திருச்சபையின் கருத்தோடு பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீர் வார்க்கலாம். மற்றச் சபைகளின் ஒழுங்கு வேறுபடுவதால், அதனைத் தத்தம் குருவானவரிடம் கர்ப்ப காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் நேரமின்றிப் பிள்ளை இறந்துவிட்டால் அடக்க ஆராதனையை மறுப்பது சரியன்று. 1662ஆம் ஆண்டின் அங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்திலே, ஞானஸ்நானம் பெறாதவர்க்கு அந்த ஒழுங்கைப் பயன்படுத்தக்கூடாதென்ற குறிப்பு உள்ளது. அதைச் சொல்லி ஆராதனையை மறுக்கும் பெரியவர்கள் இருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் ஆராதனை நூல்களைத் திருத்திய அங்கிலிக்கன் சபைகள் பல அதனை விட்டுவிட்டன. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1183), ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருந்தவர்களை அடக்கக் காரியத்திலே விசுவாசிகளாகவே கணிக்கிறது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கும் ஆயர் அனுமதியோடு திருச்சபை அடக்கம் உண்டு. எனவே வேலியோரம் தனிக்குழி வெட்டச் சொல்லுமுன் உபதேசியார் குருவானவரிடம் போகட்டும். குடும்பத்தாரின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு, பெற்றோர் வைக்க எண்ணியிருந்த பெயரையும் அடக்கப் பதிவேட்டில் எழுதுவிக்கட்டும்.