மலையிலிருந்து பத்திரிகைக்கு

கொல்லிமலை என்றதும் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி என்று கட்டுரையைத் தொடங்காதீர்கள். பத்திரிகையின் உதவி ஆசிரியர் அதை நூறு தடவை படித்திருப்பார். மலைமேல் பைல் நாட்டில் பறித்த மிளகு எத்தனை வெயிலில் கறுக்கிறது, தூறல் விழுந்தால் தார்ப்பாயோடு யார் ஓடி வருகிறார் என்று எழுதுங்கள். புறநானூறு 152இல் புலவர் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் ஓரி பெரிய வில்லாளி என்று சொல்லி நிறுத்தவில்லை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததைக் காட்டினார். ஓரியிடமிருந்து பொன்னும் மணியும் பரிசிலாகக் கிடைத்தன.

நமக்கு அப்படி அள்ளித்தர ஓரி இல்லை. சன்மானம் எவ்வளவு, எப்போது என்று கூச்சப்படாமல் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒருசேர அனுப்பாதீர்கள். பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.